கொழும்பின் ஈரக் காற்றில் மாதிரிக் கார்: எயார்பிரஷையும் வர்ணத்தையும் தெரிவு செய்வது எப்படி?

மாதிரிக் கார் கட்டும் பொழுதுபோக்கில் புதிதாக இறங்கும் ஒருவர் முதலில் கேட்பது, காற்றால் வர்ணத்தை விசிறும் கைக்கருவியான எயார்பிரஷில் எதை வாங்கலாம் என்பதைத்தான். பதிலாக வருபவை பெரும்பாலும் வர்த்தகப் பெயர்களே. ஒருவர் இவாட்டா என்பார். இன்னொருவர் பெயரில்லாத மலிவான கருவியே போதும் என்பார். எதையோ வாங்கி முதலாவது காருக்கு நிறம் அடித்து, அதன் பொனற் பால் படிந்ததுபோல் வெளிறியோ மணல் ஒட்டியதுபோல் சொரசொரத்தோ நிற்கும்போது, பழி முழுவதும் கருவியின்மேல் விழும். ஆனால் ஒரு கார் உடலின் பளபளப்பைப் பெரிதும் தீர்மானிப்பவை வேறு: வர்ணத்தில் இருக்கும் கரைப்பான் எது, அது எவ்வளவு வேகமாக ஆவியாகிறது, அந்த நேரத்தில் சுற்றியுள்ள காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பவை. கருவி அவற்றுக்குப் பிறகுதான் வருகிறது. ஆண்டின் பெரும்பகுதி காற்று நனைந்தே கிடக்கும் கொழும்பில் இந்த வரிசையை மாற்றிப் பிடித்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியும் கைகொடுக்காது.

கருவிக்குள் நடப்பது என்ன?

நுளம்பு மருந்து அடிக்கப் பாவித்த பழைய தகரப் பம்பைப் பலர் கண்டிருப்பார்கள். ஒரு நீண்ட குழாய், அதன் பின்னால் தள்ளும் பிடி, முன்னால் அடிப்பக்கத்தில் மருந்து நிரப்பும் சிறு டப்பா, அந்த டப்பாவிலிருந்து மேலே எட்டிப் பார்க்கும் மெல்லிய குழல். பிடியைத் தள்ளும்போது காற்று அந்தக் குழலின் வாயை உரசிக்கொண்டு வேகமாக ஓடுகிறது. அந்த இடத்தில் அமுக்கம் குறைகிறது. டப்பாவுக்குள் இருக்கும் சாதாரண வளிமண்டல அமுக்கம் மருந்தைக் குழல் வழியே மேலே தள்ளுகிறது. வெளியே வந்த திரவத்தை ஓடும் காற்று கிழித்துச் சிறு துளிகளாக்கிக் கொண்டுபோகிறது.

எயார்பிரஷிலும் நடப்பது இதுவே. கையால் தள்ளுவதற்குப் பதிலாகக் கொம்பிரசர் காற்றைத் தருகிறது. குழலின் இடத்தில் நொசில், அதாவது கூம்பு வடிவான மிகச் சிறிய உலோக வாய் இருக்கிறது. அதற்குள் ஒரு நீண்ட ஊசி பொருந்தி நிற்கும். ஊசியைப் பின்னுக்கு இழுக்கும் அளவுக்கு ஊசிக்கும் நொசிலுக்கும் இடையிலுள்ள வளையம்போன்ற இடைவெளி விரிந்து, வர்ணம் கூடுதலாக வெளியேறும். நுளம்புப் பம்பிலே இல்லாத நுட்பம் இந்த ஊசி ஒன்றுதான்.

ஒரே விசையை அழுத்தினால் காற்றும், பின்னுக்கு இழுத்தால் வர்ணமும் வருவதை இரட்டைச் செயல் கருவி என்பார்கள். வர்ணத்தின் அளவை முன்கூட்டியே திருகி வைத்துவிட்டு விசையால் காற்றை மட்டும் திறந்து மூடுவது ஒற்றைச் செயல் கருவி. வர்ணக் கிண்ணம் மேலே இருந்தால் ஈர்ப்பு ஊட்டல். போத்தல் கீழே தொங்கினால் உறிஞ்சு ஊட்டல். ஈர்ப்பு ஊட்டலில் வர்ணம் தன் எடையாலேயே நொசிலுக்கு வந்துவிடுவதால் குறைந்த அமுக்கத்திலும் வேலை நடக்கும், கழுவுவதும் இலகு.

நொசில் அளவில்தான் தொடக்கநிலையாளர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். 0.2 மில்லிமீற்றர் என்பது சிறப்பானது, 0.5 என்பது முரட்டுத்தனமானது என்றொரு எண்ணம் பரவியிருக்கிறது. சிற்றுருவங்களின் முகச் சுருக்கங்களையும் மாதிரி விமானங்களின் உருமறைப்பு நிறங்களையும் தீட்டுபவருக்கு 0.2 தேவை. கார் உடலோ முழுவதும் ஒரே நிறமாக, ஈரம் காயுமுன் அடுத்த வீச்சு வந்து சேரும் வகையில் மூடப்பட வேண்டிய ஒன்று. அதற்கு அகலமான விசிறலே உதவும். ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் 0.3 மில்லிமீற்றர் கொண்ட இரட்டைச் செயல், ஈர்ப்பு ஊட்டல் கருவி போதும். கார் உடல்கள் மட்டுமே நோக்கம் என்றால் 0.4 அல்லது 0.5 அளவையும் துப்பாக்கி போன்ற பிடியையும் நான் பரிந்துரைப்பேன். உலோகத் துகள் கலந்த நிறங்களும் கிளியர் எனப்படும் நிறமற்ற மேற்பூச்சும் சிறிய நொசிலில் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். பாஷே நிறுவனத்தின் எச் வகை போன்ற எளிய ஒற்றைச் செயல் கருவிகளைக் கார் மாதிரிக்காரர்கள் நெடுங்காலமாக விரும்பிப் பாவித்து வருவதற்கும் இதுவே காரணம்.

வாங்கும்போது விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஊசியைச் சுற்றியுள்ள அடைப்பு டெஃப்லானா, சாதாரண இறப்பரா? கடுமையான தின்னர் பட்டால் சாதாரண இறப்பர் ஊதிப்போய் ஊசியை இறுக்கும், அல்லது உருக்குலைந்து காற்றைக் கசிய விடும். மலிவான கருவிகள் பல ஒரு மாதத்தில் செயலிழப்பதற்குக் காரணம் இந்தச் சிறு வளையம்தான்.

சுருங்கச் சொன்னால், ஓடும் காற்று வர்ணத்தை இழுத்துக் கிழிக்கிறது. ஊசி அளவைக் கட்டுப்படுத்துகிறது. கார் உடலுக்கு நுண்ணிய கோட்டைவிட அகலமான ஈர விசிறலே முக்கியம்.

கொம்பிரசரும் அது உற்பத்தி செய்யும் தண்ணீரும்

எயார்பிரஷுக்கெனச் செய்யப்படும் எண்ணெயில்லாப் பிஸ்டன் கொம்பிரசர், மூன்று லீற்றர் அளவுள்ள தாங்கி, அமுக்கச் சீராக்கி, ஈரப்பொறி ஆகிய நான்கும் சேர்ந்ததே ஒரு முழுமையான தொகுதி. தாங்கி இல்லாவிட்டால் பிஸ்டனின் ஒவ்வொரு அடியும் விசிறலில் துடிப்பாகத் தெரியும். சீராக்கி இல்லாவிட்டால் கார் உடலுக்கு வழக்கமான 15 முதல் 25 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) வரையான அமுக்கத்தை நிலைநிறுத்த முடியாது. மின்கலத்தில் இயங்கும் கைக் கொம்பிரசர்கள் சிறு பாகங்களுக்கு உதவும். ஒரு முழு உடலை இடைவிடாமல் மூட அவை திணறும். வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள் 110 வோல்ற்றுக்குரிய அமெரிக்க வகை வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நமது மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ்.

ஈரப்பொறி என்பது காற்றிலிருந்து நீரைப் பிரித்துப் பிடித்துவைக்கும் கண்ணாடி போன்ற சிறு கிண்ணம். வறண்ட நாட்டில் அது ஒரு துணைப் பொருளாகவே இருக்கலாம். கொழும்பில் அப்படி இல்லை என்பதை ஒரு சிறு கணக்குக் காட்டும். 30 பாகையில் ஒரு கனமீற்றர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். காற்று உண்மையில் வைத்திருக்கும் நீராவி, அது தாங்கக்கூடியதில் எத்தனை வீதம் என்பதே சாரீரப்பதன். அது 80 வீதமாக இருக்கும் ஒரு நாளில் அந்தக் கனமீற்றரில் 24 கிராம் நீராவி இருக்கும். கொம்பிரசர் அந்தக் காற்றை நான்கில் ஒரு பங்கு கனவளவுக்குள் அடைத்தபின் அது மீண்டும் அறை வெப்பநிலைக்குக் குளிர்ந்தால், அங்கே தங்கக்கூடியது ஏழரைக் கிராம் மட்டுமே. மிச்சம் 16 கிராமுக்கு மேல் தண்ணீராக ஒடுங்கியாக வேண்டும். எயார்பிரஷ் ஒன்று நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு லீற்றர் காற்றைச் செலவழிக்கிறது என்று கொண்டால், இடைவிடாத ஒரு மணி நேர வேலைக்குப் பத்துக் கிராம் அளவில் தண்ணீர் எங்கேயோ சேர்கிறது.

எங்கே என்பதுதான் சிக்கல். பிஸ்டனை விட்டு வெளியேறும்போது காற்று சூடாக இருக்கும். சூடான காற்று நீரை ஆவியாகவே வைத்திருக்கும். ஆகவே கொம்பிரசரோடு ஒட்டியிருக்கும் ஈரப்பொறியைக் கடந்து போய், குழாய் வழியே குளிர்ந்து, கையருகே வரும்போது ஒடுங்கும். பொறியில் ஒரு சொட்டும் இல்லை, ஆனால் காரின் கூரையில் தண்ணீர்த் துளி தெறித்திருக்கிறது என்று பலர் வியப்பது இதனால்தான். நீண்ட குழாய் பாவிப்பதும், எயார்பிரஷின் அடியில் பொருத்தும் இரண்டாவது சிறு பொறியை வாங்குவதும், தாங்கியின் அடியிலுள்ள திருகைத் திறந்து ஒவ்வொரு முறையும் நீரை வடித்துவிடுவதும் இங்கே கட்டாயம். வடிக்காத தாங்கி உள்ளே துருப்பிடிக்கும்.

வர்ணம்: மூன்று பொருள்களின் கலவை

எந்த வர்ணமும் மூன்று பொருள்களால் ஆனது. நிறத்தைத் தருவது நிறமி, அதாவது மிக நுண்ணிய தூள். அந்தத் தூளைப் பரப்போடு ஒட்டவைத்துப் படலமாக நிற்பது பிசின். இரண்டையும் ஓடும் நிலையில் வைத்திருந்து பிறகு ஆவியாகிப் போய்விடுவது கரைப்பான். தின்னர் என்று நாம் வாங்குவது அந்தக் கரைப்பானின் கூடுதல் பங்கே.

குழப்பம் போத்தலின் பெயர்களில் தொடங்குகிறது. அக்ரிலிக் என்றால் தண்ணீரில் கரைவது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அக்ரிலிக் என்பது பிசினின் பெயர். தண்ணீர், அற்ககோல், கடுமையான கரைப்பான் ஆகிய எதனோடும் அது சேர்ந்து வரலாம். வலேஹோ போன்றவை நீரை அடிப்படையாகக் கொண்டவை. டமியாவின் எக்ஸ், எக்ஸ்எஃப் வரிசைகள் அற்ககோல் கலந்த தின்னரில் கரைபவை. தண்ணீரிலும் கரையும், லேக்கர் வகை வர்ணங்களுக்கான கடுமையான தின்னரிலும் நன்றாக ஓடும். மிஸ்டர் கலர் வரிசையின் பிசினும் அக்ரிலிக்தான், ஆனால் அது லேக்கர். ஆகவே போத்தலை எடுத்தவுடன் கேட்க வேண்டியது, அது அக்ரிலிக்கா என்பதை அல்ல. அதை எந்தத் தின்னரில் கரைக்கச் சொல்லியிருக்கிறார்கள், எப்படிக் காய்கிறது என்பவற்றைத்தான்.

லேக்கர் என்பது, கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே காய்வது. அதனால் விரைவில் காயும். ஆனால் அதே தின்னர் மீண்டும் பட்டால் மீண்டும் கரையும். இந்தக் குணமே அதன் பலம்: புதிய பூச்சு பழைய பூச்சின் மேற்பரப்பைச் சற்றுக் கரைத்து ஒன்றாகிவிடுவதால் படலம் மெல்லியதாகவும் உறுதியாகவும் அமைந்து, பின்னர் உரசி மெருகேற்ற இடம் கொடுக்கிறது. எனாமல் என்பது, கரைப்பான் போனபிறகு ஒட்சிசனோடு சேர்ந்து இறுகுவது. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்தபிறகும் முழுமையாக இறுக நாட்கள் எடுக்கும். நீர்சார்ந்தவை தண்ணீர் போனதும் பிசின் மணிகள் ஒன்றோடொன்று இணைந்து படலமாகின்றன. மணம் குறைவு, ஆனால் பளபளப்பாக உரசி மெருகேற்றும் வேலைக்கு அவை லேக்கருக்கு ஈடாவதில்லை.

பூச்சுகளை அடுக்கும்போது ஒரு விதி போதும். கடுமையான கரைப்பான் கீழே, மென்மையானது மேலே. லேக்கர் நிறத்தின்மேல் கதவு இடுக்குகளில் கறுப்பு எனாமலை ஓடவிட்டு, வழிந்ததை எனாமல் தின்னர் தொட்ட பஞ்சால் துடைத்தெடுக்கலாம். கீழேயுள்ள நிறம் அசையாது. மாறாக எனாமலின்மேல் லேக்கரை அடித்தால் கீழ்ப்படலம் சுருங்கிச் சுருக்கம் விழும்.

பெயரைவிடத் தின்னரும் காயும் விதமும் முக்கியம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் கடையில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். எனது தெரிவு கார் உடலுக்கு லேக்கர், உள்ளறைக்கும் இருக்கைகளுக்கும் நீர்சார்ந்தது. ஆனால் தீப்பற்றக்கூடிய திரவங்களும் விசிறல் தகரங்களும் சர்வதேச வான்தபாலில் அனுமதிக்கப்படுவதில்லை; ஆதலால் ஒரு வரிசையைத் தெரிவு செய்யுமுன் அதன் தின்னரும் கிளியரும் உள்ளூரில் தொடர்ந்து கிடைக்குமா என்று பார்ப்பது புத்திசாலித்தனம்.

பஞ்சிகாவத்தைத் தின்னரும் பிளாஸ்ரிக்கும்

கொழும்பில் இருப்பவருக்கு இயல்பாகவே எழும் ஆசை, பஞ்சிகாவத்தையில் உண்மையான வாகனங்களுக்கு விற்கும் வர்ணத்தையோ பழைய சோனகத் தெருவின் ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும் என்.சி. தின்னரையோ, அதாவது நைத்திரோசெலுலோசு வர்ணத்துக்கான கடுமையான தின்னரையோ, பாவித்தால் என்ன என்பது. விலை குறைவு, நிறங்கள் ஏராளம். ஆனால் வாகன வர்ணம் உலோகத் தகட்டை எண்ணிச் செய்யப்பட்டது. மாதிரிக் கார் பெரும்பாலும் பொலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்ரிக். அசற்றோன், தொலுயீன் போன்ற கரைப்பான்கள் அதைக் கரைத்துவிடும். ஈரமாக அடித்த இடத்தில் மெல்லிய வெடிப்புக் கோடுகள் தோன்றுவதும், கூர்மையான விளிம்புகள் உருகி மழுங்குவதும் அதன் அடையாளங்கள்.

முதலில் பிளாஸ்ரிக்குக்கு உரிய பிரைமரால், அதாவது பரப்பையும் நிறத்தையும் இணைக்கும் அடிப்பூச்சால், மூடி நன்கு காயவிட்டால் ஆபத்துக் குறையும்; நீங்காது. பாகங்களை வெட்டியெடுத்தபின் மிஞ்சும் சட்டத்தில் ஒரு துண்டை வைத்துப் பரீட்சித்துப் பார்ப்பதே ஒரே வழி. வாகன உலோக நிறங்களில் இன்னொரு குறை உண்டு. உண்மைக் காருக்கு அளவாக இருக்கும் மினுக்கத் துகள் 1:24 அளவிலான காரில் சல்லிக்கல்போல் தெரியும். என்.சி. தின்னரைக் கருவி கழுவ மட்டும் வைத்துக்கொள்வதே மேல். அந்த வேலைக்கு அது அருமையானது.

தொலைக்கட்டுப்பாட்டுக் கார்களின் தெளிந்த பொலிகாபனேற்று உடல்கள் வேறு இனம். அவற்றுக்கு உட்புறத்திலிருந்து, வளைந்தால் உதிராத தனி வர்ணம் பூச வேண்டும். டமியாவின் பிஎஸ் வரிசை அதற்கானது. டிஎஸ் வரிசை பொலிஸ்டைரீனுக்கானது. இவ்விரு விசிறல் தகரங்களையும் மாற்றி வாங்கிவிட்டு அவதிப்படுபவர்கள் பலர்.

எவ்வளவு தின்னர், எந்தத் தின்னர்?

பால் பதத்துக்குக் கரைக்க வேண்டும் என்பது எங்கும் கேட்கும் அறிவுரை. எந்தப் பால்? தேங்காயின் முதற்பாலா, மூன்றாம் பாலா? கிண்ணத்தின் சுவரைப் பார்ப்பது இதைவிட நம்பகமானது. கலந்த வர்ணத்தைத் தூரிகையால் சுவரில் ஏற்றிவிட்டால், அது தயங்காமல் கீழே வழிந்து, பின்னால் ஒளி ஊடுருவும் சீரான மெல்லிய படலத்தை விட்டுச் செல்ல வேண்டும். படலம் தடிப்பாக அப்படியே நின்றால் பாகுநிலை அதிகம். நிறமே தங்காமல் நீர்போல் ஓடினால் தின்னர் அதிகம். லேக்கரில் ஒரு பங்கு வர்ணத்துக்கு ஒரு பங்கிலிருந்து இரண்டு பங்கு வரை தின்னர் என்பது நல்ல தொடக்கம்.

அளவைவிட வகையே பெரிய விடயம். நமது வெப்பத்தில் வேகமாக ஆவியாகும் தின்னரைப் பாவித்தால் துளிகள் காரை அடையுமுன்னரே வழியில் பாதி காய்ந்து, தூளாகப் போய் ஒட்டும்; சொரசொரப்பு அதனால் வருவது. சற்று ஈரத்தோடு போய்ச் சேர்ந்தாலும், பரவிச் சமப்படுமுன் இறுகிவிட்டால் தோடம்பழத் தோல் போன்ற மேடுபள்ளம் நிற்கும். இதற்கு மருந்து ரிட்டார்டர், அதாவது ஆவியாதலைத் தாமதப்படுத்தும் கரைப்பான். மிஸ்டர் கலரின் லெவலிங் தின்னரில் அது ஏற்கெனவே கலந்திருக்கிறது. கொழும்பில் லேக்கர் அடிப்பவர் சாதாரண தின்னரைத் தொடாமல் நேரடியாக இதற்கே போகலாம்.

வெளிறுவது ஏன்?

மழை நாளில் அடித்த கறுப்பு லேக்கர் சில நிமிடங்களில் சாம்பல் பூத்து வெளிறுவதைத் தமது கருவியின் கோளாறென்றே பலர் நினைக்கிறார்கள். கரைப்பான் ஆவியாகும்போது அதற்கு வேண்டிய வெப்பத்தைக் காரின் பரப்பிலிருந்தே எடுக்கிறது, பரப்பு குளிர்கிறது. காற்றின் நீராவி தண்ணீராக ஒடுங்கத் தொடங்கும் வெப்பநிலைக்குப் பனிபடுநிலை என்று பெயர். பரப்பு அதற்குக் கீழே போனால், இன்னும் ஈரமாக இருக்கும் படலத்தின்மேல் நுண்ணிய நீர் படிந்து, உள்ளே சிக்கி, ஒளியைச் சிதறடிக்கிறது. வெண்மை அதுதான்.

எண்களில் பார்த்தால் நிலைமை தெளிவாகும். 30 பாகையும் 50 வீதச் சாரீரப்பதனும் உள்ள அறையில் பனிபடுநிலை ஏறத்தாழ 18 பாகை. பரப்பு 11, 12 பாகை குளிர்ந்தால்தான் ஆபத்து. அதே வெப்பநிலையில் 80 வீதமென்றால் பனிபடுநிலை 26 பாகை. நான்கு பாகை குளிர்ந்தாலே போதும். 26 பாகையும் 90 வீதமும் உள்ள மழை இரவில் இரண்டு பாகை கூட வேண்டியதில்லை. வேகமான தின்னர் அந்த அளவுக்கு மிக எளிதாகக் குளிர்விக்கும்.

ஆகவே சிறிதளவு ரிட்டார்டரும், காற்றின் ஈரத்தை அளக்கும் மலிவான ஈரமானி ஒன்றும், இரண்டு மடங்கு விலையுள்ள எயார்பிரஷ் செய்யாததைச் செய்யும். மழை பெய்யாத நாளொன்றில், ஈரமானி இறங்கியிருக்கும் நண்பகலுக்கும் பின்மதியத்துக்கும் இடைப்பட்ட நேரத்தில் அடிப்பதும், அடித்த உடலைக் குளிரூட்டிய அறையில் மூடிவைத்துக் காயவிடுவதும் நல்ல பலன் தரும். குளிரூட்டி காற்றின் ஈரத்தை எடுத்துவிடுகிறது. அந்த அறைக்குள் வைத்து அடிப்பது மட்டும் கூடாது. ஆவி வெளியேற வழியில்லாமல் அறைக்குள்ளேயே சுற்றும். வெளிறிவிட்டால் பதற வேண்டியதில்லை. காய்ந்தபின் ரிட்டார்டர் கூடிய தின்னரை மட்டும் மிக மெல்லியதாக விசிறினால் லேக்கர் மீண்டும் இளகி, சிக்கிய ஈரத்தை விட்டுவிட்டு, பெரும்பாலும் பழைய நிறத்துக்குத் திரும்பும்.

எத்தனை பூச்சு?

உண்மைக் காரின் இரு தகடுகளுக்கு இடையிலுள்ள இடைவெளி நான்கு மில்லிமீற்றர் என்றால், 1:24 அளவில் அது 0.17 மில்லிமீற்றர்தான். கதவின் கோட்டை மூன்று தடித்த பூச்சுகளே நிரப்பிவிடும். அதனால் பிரைமர் மெல்லியதாக ஒன்று. அது காய்ந்தபின் நிறம், முதலில் முழுவதும் மூடாத தூவலாக ஒன்று, பிறகு பளபளவென்று ஈரமாகத் தெரியும் இரண்டு. மஞ்சளும் சிவப்பும் வெள்ளைப் பிரைமரின்மேலேயே துலங்கும். சாம்பல் நிறப் பிரைமரின்மேல் அவற்றை மூட முயன்று, பூச்சை ஏற்றிக்கொண்டே போய் விளிம்புகளைத் தொலைப்பது வழக்கமான தவறு. ஒட்டுப் படங்களை ஒட்டியபிறகே கிளியர் அடிக்க வேண்டும். அதுவும் முதலில் தூவலாக. ஒரேயடியாக ஈரமாக அடித்த லேக்கர் கிளியர் ஒட்டுப் படங்களைத் தின்றுவிடும்.

தொடர்மாடி வீட்டில் அடிப்பவருக்கு

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தொடர்மாடியில் குடியிருப்பவருக்கு முற்றமோ கராஜோ இல்லை. ஆவியை உறிஞ்சி யன்னலுக்கு வெளியே குழாயால் தள்ளும் சாவடி ஒன்று அவசியம். லேக்கர் ஆவி தீப்பற்றும். ஆகவே விசிறியின் மோட்டார் ஆவி ஓடும் பாதையில் தீப்பொறி கிளப்பாத வகையாக இருக்க வேண்டும், பக்கத்தில் காஸ் அடுப்போ சாமிப்பட விளக்கோ எரியக் கூடாது. மருந்துக் கடையில் வாங்கும் துணி முகக்கவசம் துளிகளில் ஒரு பகுதியைத் தடுக்குமே தவிர ஆவியைத் தடுக்காது; சேதன ஆவிக்கான கரி வடிகட்டி பொருத்திய சுவாசக் கவசம் தேவை. நீர்சார்ந்த வர்ணத்துக்கும் கவசம் வேண்டும், ஏனெனில் நுண்துளியாக நுரையீரலுக்குள் போவது பிசினும் நிறமியும்தான்.

வாகனங்களுக்கு அடிக்கும், கடினமாக்கியோடு கலந்து பாவிக்கும் இரட்டைக் கூறுக் கிளியர் கண்ணாடிபோல் மின்னுவதால் அதை வீட்டிலே முயல்பவர்கள் இருக்கிறார்கள். அதன் கடினமாக்கியில் ஐசோசயனேற்று என்னும் சேர்மம் இருக்கிறது; அதைச் சுவாசித்தால் மீளாத ஆஸ்துமா ஏற்படலாம், மணத்தாலும் அது எச்சரிக்காது. குழந்தைகள் உறங்கும் வீட்டில் அதற்கு இடமில்லை. சாதாரண லேக்கர் கிளியரை ஒரு வாரம் காயவிட்டு, 2000 இலக்க நீர்த்தாளால் தண்ணீர் தொட்டு மெதுவாகத் தேய்த்து, பிறகு மெருகுப் பசையால் துணி கொண்டு துலக்கினால் அந்த மினுக்கத்துக்கு மிக அருகில் வரலாம். தேய்க்கும்போது கதவு விளிம்புகளையும் பொனற்றின் மேட்டுக் கோடுகளையும் மறைப்பு நாடாவால் மூடிக்கொள்ள வேண்டும், ஏனெனில் படலம் மிக மெல்லியதாக இருப்பது அந்த இடங்களில்தான்.